படத்துக்காகக் குத்திய ஏழு முத்திரைகள்

சென்ற மாதம் வேலைவாய்ப்பு அலுவலகம் ஒன்றில் இப்போது பணியாற்றும் இரண்டு இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். வேலையில்லாதோர் உதவித்தொகை பெறுகிறவர்களைப் பற்றித் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்திருக்கிறது. தங்களிடம் வருகிறவர்களை அதில் காட்டிய விதம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. "நீங்க பார்த்தீங்களா சார்?" என்று கேட்டார்கள்.

பார்த்தேன். எதைப் பார்த்தாலும் எண்ணிக் குறித்துக்கொள்வது என் பழக்கம். அந்தப் படத்தில் வேலையில்லாதவர்களின் முகங்களைவிடக் கைகளே அதிகம் வந்தன. ஒரே ஆள் ஒரே பெஞ்சில் மூன்று முறை தூங்கினார். மூன்று முறையும் அதே சட்டை. உதவித்தொகை வாங்குகிற எவரும் ஒரு முழு வாக்கியம் பேசவில்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒரு கனத்த குரல் பேசி முடித்துவிட்டது.

இது புதிதல்ல என்று சொல்லி, தூத்துக்குடியில் நடந்த ஒரு கதையை அவர்களிடம் தொடங்கினேன். எழுதித் தாருங்கள் என்றார்கள். இதிலுள்ள நாள் கிழமைகள் என் நாட்குறிப்பிலிருந்து எடுத்தவை. பேச்சுகள் நினைவிலிருந்து எடுத்தவை. முன்னதை முழுக்க நம்பலாம்.

எனக்கு ஊர் ஏரல். 1971இல் வேலைவாய்ப்புத் துறையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். பாளையங்கோட்டையில் கொடுத்த பயிற்சியை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒரு படிவத்தை நான்கு நகல் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மீதியைத் தூத்துக்குடியில், கடற்கரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நடந்த எங்கள் சிறிய அலுவலகத்தில்தான் கற்றேன். முன்னால் ஓட்டுத் தாழ்வாரம், வாசலில் ஒரு பூவரச மரம், உள்ளே ஓர் இருட்டு அறை. அந்த அறைச் சுவர் நெடுக மரத்தட்டுகள். தட்டு நிறைய அட்டைகள்.

வேலை கேட்டுப் பதிவு செய்கிறவருக்கு அட்டை இரண்டு. ஒன்று எங்கள் தட்டில் இருக்கும், மற்றது அவர் கையில் இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை, குறித்த தேதிக்குள் அவர் தம் அட்டையோடு வந்து புதுப்பிக்க வேண்டும். இரண்டிலும் தேதி முத்திரை விழும். தேதி தவறினால் அட்டை காலாவதி. அதுவரை சேர்ந்த பதிவு மூப்பு போயிற்று. எங்காவது வேலை காலியானால் மூப்பு வரிசைப்படிதான் பெயர் அனுப்புவோம். ஆகவே ஒருவர் நான்கு ஆண்டு காத்திருந்தார் என்றால், அந்த நான்கு ஆண்டும் உண்மையில் இருந்த இடம் ஒரு சிறிய கட்டத்துக்குள் விழுந்த மங்கலான நீல மைதான். மங்கல் என்று சொல்லக் காரணம், எங்களுக்கு மை எப்போதாவதுதான் வரும். முத்திரை விழுந்ததா இல்லையா என்று அட்டையைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் அலுவலர் பரமசிவம் இதற்கென்றே ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் பேருந்தில் வருவார். யார் வந்து நின்றாலும் முதலில் நிமிர்ந்து பார்க்கமாட்டார். கையை மட்டும் நீட்டுவார். அட்டையை வாங்கி மேலிருந்து கீழ்வரை படிப்பார். பிறகு அதிலுள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அதன் பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"மூஞ்சியப் பாத்தா நமக்கா ஒரு கதை தோணும்வே. அந்தக் கதைக்கு ஃபைல் கிடையாது" என்றார்.

1976ஆம் ஆண்டு, மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிப் படமெடுக்க வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. அப்போது எங்கள் ஊரில் தொலைக்காட்சி கிடையாது. தியேட்டரில் சினிமாவுக்கு முன்னால் இப்படிப்பட்ட சிறிய படங்கள் ஓடும்; பாதிப் பேர் அந்த நேரத்தில் வெளியே நின்று பீடி குடிப்பார்கள். அனுமதிக் கடிதம் முன்பே வந்திருந்தது. எங்கள் அலுவலகப் பியூன் முத்தையா அதைப் படித்துவிட்டுப் போய் டீக்கடையில் சொல்லிவிட்டார். விளைவு, வியாழன் காலை ஒன்பது மணிக்குத் தாழ்வாரம் தாண்டி மரத்தடி வரை வரிசை நின்றது.

தூத்துக்குடிக்காரர்கள் படத்துக்கு நிற்பதென்றால் மாதா கோயில் பூசைக்குப் போகிற மாதிரிதான் போவார்கள். தவக்காலம் என்பதால் கலர் சட்டை யாரும் போடவில்லை. அத்தனை பேரும் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை. தலை படியச் சீவி, முகத்தில் பவுடர். ஒரே கைக்கடிகாரம் வரிசையில் மூன்று கைகள் மாறியதை நானே கண்டேன்.

டைரக்டர் இறங்கினார். வரிசையை இரண்டு தடவை பார்த்தார்.

"சார், வேலை இல்லாதவங்க எங்கே?"

"இவங்கதான்" என்றேன்.

"என்ன சார், பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி நிக்கிறாங்க!"

வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "வேல கெடச்சாத்தான சார் பொண்ணு குடுப்பாவ!"

டைரக்டர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினார்கள். தலையைக் கலைத்துவிடச் சொன்னார். "வீட்டுல அரை மணிக்கூறு சீவிட்டு வாரேன், கலைக்கச் சொல்லுதீயளே" என்று ஒருவர் தலையைப் பொத்திக்கொண்டார். கலைத்தவர்களுக்கும் எண்ணெய் காரணமாக முடி மறுபடி படிந்துவிட்டது.

அறைக்குள் வெளிச்சம் போதாது என்று என் மேசையைத் தாழ்வாரத்துக்குத் தூக்கி வந்தார்கள். ஒரே காட்சியைப் பல தடவை எடுப்பார்கள் என்று தெரிந்ததும் பரமசிவம் வெளியே வந்தார். மைப்பெட்டியை எடுத்துத் தம் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "அரசாங்க அட்டையில நாடக முத்திரை விழக்கூடாது. நீரு சும்மா குத்தும்" என்று என்னிடம் சொன்னார். வரிசையைப் பார்த்து, "இது படத்துக்கு. நெச முத்திரை ரெண்டு மணிக்கு உள்ள. எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இதை எல்லோரும் கேட்டார்கள், ஒருவரைத் தவிர. அவர் பத்தரை மணிக்குத்தான் வந்தார்.

பெயர் சந்தியாகு. வயது இருபத்தாறு. சங்கு குளிப்பவர். சங்குக்குப் பருவம் உண்டு. பருவம் போனால் வேலை இல்லை. புதுத் துறைமுகத்தில் லஸ்கர் வேலைக்கு, அதாவது படகில் கயிறு போடும் வேலைக்குப் பெயர் பதிந்து நான்கு ஆண்டாகக் காத்திருந்தார். அன்றுதான் அவர் புதுப்பிக்கக் கடைசித் தேதி. விடியலில் கடலுக்குப் போய், கரையேறிய கையோடு ஓடி வந்திருந்தார். பரட்டைத் தலை, தோளில் கிழிந்த பனியன், முழங்காலில் உப்பு வெள்ளை.

டைரக்டர் முகம் மலர்ந்தது. "நீங்க முத்துக் குளிக்கிறவரா?"

"சங்கு சார்."

"முத்து?"

"முத்து எங்கன சார் இருக்கு? நான் சின்னப் பிள்ளையில பாத்ததோட சரி."

"பரவாயில்ல, முத்துன்னே வச்சுக்கலாம்" என்று அவரை வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கஞ்சிச் சட்டைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "ஏலே, குளிக்காம வந்தவனுக்குத்தாம்ல மரியாத" என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது.

சந்தியாகு அட்டையை நீட்டுவார். நான் வாங்கி, பிரித்து, முத்திரையை ஓங்கிக் குத்தித் திருப்பித் தருவேன். இதை ஏழு முறை எடுத்தார்கள். ஒரு முறை அட்டையை மட்டும் மிக அருகில் எடுத்தார்கள். ஏழில் இரண்டு என் பிழை. காமிராவைப் பார்க்காதே என்றால் கண் தானாக அங்கேதான் போகிறது. ஏழாவதும் முடிந்ததும் டைரக்டர் கைதட்டினார். சந்தியாகு அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்து, எனக்கு ஒரு கும்பிடு போட்டு, எடுத்த சங்கை ஒப்படைக்க வேண்டும் என்று ஓடினார்.

"ரெண்டு மணிக்கு வாரும்" என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. என் முகம் எந்தப் பக்கம் நன்றாக விழுந்திருக்கிறது என்று காமிராக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்குப் பரமசிவம் மைப்பெட்டியைத் திறந்தார். வெள்ளைச் சட்டைகள் எல்லாம் உள்ளே போய் நெச முத்திரை வாங்கின. மாதக் கடைசியில் காலாவதியான அட்டைகளைக் கட்டாக எடுத்துக் கீழ்த்தட்டில் போடுவது என் பொறுப்பு. போட்டேன். பெயர்களைப் படிக்காமலே போட்டேன்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை படம் ஊருக்கு வந்தது. மறுநாள் காலை முத்தையா உறுமிக்கொண்டு வந்தார். "சார், மத்தியானம் சாப்புட்டுட்டு மரத்தடியில கண்ணசந்தேன். அதப் புடிச்சுப் போட்டு, 'இளைஞர் சக்தி உறங்குகிறது'ன்னு சொல்லுதான் சார்!" முத்தையாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. கோபத்துக்கு நடுவில், இளைஞர் என்று சொன்னதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்ததையும் குறித்து வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. லஸ்கர் வேலைக்கு ஆள் வேண்டும். பெயர்ப் பட்டியல் வரும் வெள்ளிக்குள் வந்து சேர வேண்டும். நான் தட்டை இழுத்து மூப்புப்படி அட்டைகளை எடுக்கத் தொடங்கினேன். சந்தியாகுவின் அட்டை மேலேயே இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

அன்று பிற்பகலே அவர் மனைவி ரோசம்மாள் வந்து நின்றாள். கையில் அந்தப் பிளாஸ்டிக் உறை.

"சார், ஹார்பர்ல ஆளெடுக்காவளாம். இவரு பேரு போயிருச்சுல்லா?"

அட்டையை வாங்கிச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். கட்டம் வெறுமையாக இருந்தது. தேதி தாண்டிவிட்டது, முத்திரை இல்லை என்று மெல்லச் சொன்னேன்.

"முத்திர இல்லையா? ஏழு தடவ குத்துனீயள்லா சார்! ஊரே பாத்திருக்கு. டிக்கெட் எடுத்துல்லா பாத்திருக்கு! மத்தவுகளுக்கு ஒண்ணு, ஒனக்கு ஏழு, ஒனக்குத்தாம்ல கெட்டியான முத்திரன்னு தெருவுல இவரப் பாத்துச் சிரிக்காவ" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "போன சீசன்ல ரெண்டு தடவ காதுல ரத்தம் வந்துட்டு சார். இன்னும் ஒரு சீசன் முங்கினா செவிடுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. சொன்னா கேக்க மாட்டேங்காரு. வேற என்ன வேல இருக்குன்னு கேக்காரு. நான் என்ன சொல்ல?"

சங்குப் பருவம் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பரமசிவத்தின் முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், காமிராக்காரரிடம் முகத்தைப் பற்றிக் கேட்டது உட்பட.

அவர் அட்டையை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். "அலுவலகத் தப்புன்னா மூப்ப திருப்பிக் குடுக்கலாம். விதி இருக்கு. அதுக்கு ஆதாரம் வேணும்."

"நான் எழுதித் தாரேன் சார். என் தப்புதான்."

"இங்க பாரும்வே. தப்பு என்னுதுன்னு சொல்லுத கிளார்க்கை எந்த ஆடிட்டும் நம்பாது. யாருக்கோ வேண்டி இவரு தலையில போட்டுக்கிடுதாருன்னுதான் சொல்லுவான். அன்னைக்கு நானும் கதவச் சாத்திட்டு உள்ள இருந்துட்டேன். இந்த ஆளு வந்தத நான் பாக்கல. படம் எடுத்த தேதிக்குக் கடிதம் இருக்கு. அன்னைக்கு வந்தது இந்த ஆளுதான், நீட்டுனது இந்த அட்டைதான் என்கிறதுக்கு என்ன இருக்கு?"

"படம் இருக்கு சார்" என்றேன்.

அவர் அட்டையை மேசைமேல் வைத்தார். "எந்தக் கொட்டாயி?" என்றார்.

"வெள்ளிக்கிழமை மாத்திருவாங்க சார்."

புதன்கிழமை பிற்பகல் இரண்டு பேரும் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தோம். அவர் விடுப்பை அவரே அனுமதித்துக் கையெழுத்திட்டார். தியேட்டருக்குள் நுழைந்து பல வருடம் ஆயிற்று என்றார். சட்டைப்பையில் பூதக்கண்ணாடி. எங்களுக்கு முன்வரிசையில் சந்தியாகுவும் ரோசம்மாளும் இருந்தார்கள்.

விளக்கு அணைந்தது. வயலின் அழுதது. கடல், ஓர் ஓட்டைப் படகு, மறுபடி கடல். முத்தையா உறங்கினார், தியேட்டர் எழுந்து ஆரவாரித்தது. பிறகு எங்கள் தாழ்வாரம். கஞ்சிச் சட்டை ஒன்றுகூட இல்லை, அத்தனையையும் வெட்டி எறிந்திருந்தார்கள். தனியாகச் சந்தியாகு மட்டும் நின்றார். கனத்த குரல் சொன்னது: "முத்து விளைந்த கடலில் இன்று முத்து இல்லை. இவனுக்கு வேலையும் இல்லை. இவன் காத்திருக்கிறான். எதற்கென்று இவனுக்கே தெரியாது."

"எதுக்குன்னு தெரியாதா?" ரோசம்மாள் எழுந்துவிட்டாள். "லஸ்கர் வேலைக்குய்யா! நாலு வருசமா! ஏன், வெடியக்காலம் சங்கெடுத்துட்டு வந்தத காட்டினா ஒம் படம் ஓடாதோ?"

"ஏளா, இரு" என்று சந்தியாகு அவள் சேலையைப் பிடித்து இழுத்தார். தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அட்டை திரை முழுக்க வந்தது. முத்திரை இறங்கியது, எழுந்தது. ஒரு கண்சிமிட்டு, போய்விட்டது.

"நம்பரப் படிச்சீரா?" என்றார் பரமசிவம்.

"இல்ல சார்."

"நானும் படிக்கல. வாரும்."

நேரே ஆபரேட்டர் அறைக்குப் போனார். ஆபரேட்டர் மிரண்டுவிட்டார், வரித்துறை ஆள் என்று நினைத்தார் போலும். விஷயத்தைச் சொன்னதும், "இவ்வளவுதானா அண்ணாச்சி" என்று ஓடி முடிந்த சுருளை எடுத்து, கை ரேகை படாமல் ஓரம் பிடித்து, முழம் முழமாக விளக்குக்கு நேரே இழுத்தார். வேர்வை ஒழுகும் அந்தச் சின்ன அறையில், கீழே கதாநாயகன் ஏதோ வசனம் பேசிக்கொண்டிருக்க, எங்கள் அலுவலர் பிலிமின் மேல் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். வழக்கம் போல மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"பதிவு எண் இருக்கு. எழுதிக்கிடும்." சொன்னார், எழுதினேன். கையிலிருந்த அட்டையின் எண்ணோடு ஒத்தது. "இப்பம் முத்திர எழும்புது. கீழ கட்டம் தெரியுது. மை இல்ல." நிமிர்ந்தார். "சந்தியாகு" என்றார். எங்கள் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற சந்தியாகு, "சார்" என்றார். அப்போதுதான் பரமசிவம் அவர் முகத்தைப் பார்த்தார்.

வியாழக்கிழமை குறிப்பாணை தயாரானது. படப்பிடிப்பு அந்த மாசி வியாழன் ஒரே நாள்தான் நடந்தது என்பதற்கு அனுமதிக் கடிதம் இணைப்பு ஒன்று. பிலிமைப் பார்த்தறிந்த விவரம், ஆபரேட்டரின் கையெழுத்தோடு, இணைப்பு இரண்டு. என் கவனக்குறைவைப் பற்றி இரண்டு வரி இருந்தது, இருக்க வேண்டியதுதான். நான் எதிர்பாராதது கடைசி வரி. "முத்திரை மையின்றி இருந்தது எனது உத்தரவின்படியே" என்று அவர் கைப்பட எழுதியிருந்தார். அதை எழுத அவரை யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பட்டியல் போயிற்று. சந்தியாகுவின் பெயர் மூன்றாவது.

நேர்முகத் தேர்வுக்கு அவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில்தான் போனார். தேர்வுக் குழுவில் ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கதானே அந்தப் படத்துல வந்தது? எதுக்குக் காத்திருக்கோம்னே தெரியாதுன்னு சொன்னாங்களே, உண்மையா?" என்று கேட்டாராம்.

"அதச் சொன்னது அந்தக் கொரலு சார். என்னையக் கேட்டிருந்தா தேதியோட சொல்லியிருப்பேன்" என்றாராம் இவர்.

ஐப்பசி முதல் வாரத்தில் வேலை உத்தரவு வந்தது. அந்தப் பருவத்துக்கு மற்றவர்கள் சங்குக்குக் கிளம்பியபோது சந்தியாகு துறைமுகப் படகில் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். காது அதற்குமேல் கெடவில்லை. கெட்டது கெட்டதுதான் என்பதால் ரோசம்மாள் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கு அது சிரமமாகத் தெரியவில்லை.

மறு வருடம் சித்திரையில் அந்தப் படக்குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. படம் நன்றாகப் பேசப்பட்டதாம். தொடர்ச்சியாக இன்னொன்று எடுக்கிறார்களாம். அதே முத்துக் குளிப்பவர், அதே வரிசை, முடிந்தால் அதே பனியன்; ஏற்பாடு செய்து தர இயலுமா என்று கேட்டிருந்தார்கள்.

பரமசிவம் கடிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். பேனாவை எடுக்கச் சொல்லிப் பதிலைச் சொன்னார். நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது.

"தாங்கள் குறிப்பிடும் நபர் தற்போது துறைமுகத்தில் பணியில் இருக்கிறார். காலை ஆறு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை படகில் இருப்பார். வேலை செய்யும்போது அவரைப் படம் எடுக்கத் தாங்கள் விரும்பினால், உரிய அனுமதி பெற்றுத் தர இவ்வலுவலகம் ஆவன செய்யும்."

அன்று மாலைத் தபாலிலேயே அனுப்பினேன். அதற்குப் பதில் வருகிறதா என்று வரவுப் பதிவேட்டை அந்த வருடம் முழுவதும் பார்த்துவந்தேன். வரவில்லை.